ஆறு முட்டையும் மிச்சமில்லாமல்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது, ஆனால் இப்போது தரமாட்டேன். பாயசத்தை முதலில் ஊற்றிவிட்டால் சாம்பாருக்கு யாரும் உட்காரமாட்டீர்கள் என்பதால் அதைக் கடைசிவரைக்கும் மூடி வைத்திருக்கிறேன். நடுவில் உங்களுக்கு வாய் கோணினால் கோணட்டும், பல் தெரிந்தாலும் பரவாயில்லை, அந்த ஒரு சிரிப்பை மட்டும் நீங்கள் முந்திச் சிரிக்கக்கூடாது, ஏனென்றால் அது எங்கப்பா நாச்சிமுத்துவுடையது. அவர் சிரித்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. கல்யாண போட்டோவில்கூட வாக்காளர் அட்டைக்கு உட்கார்ந்தவர் மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் அவருடைய சின்ன மகள், பிளஸ் டூ படிக்கிறேன், பெயர் மௌனிகா. பெயர் வைத்த ஜோசியர் இப்போது எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை. எனக்கு வராத குரல் இந்த வட்டாரத்தில் கிடையாது. மினி பஸ் கண்டக்டர், பால் சொசைட்டி செயலாளர், தொண்டை கட்டிய ஹெட்மிஸ்ட்ரஸ், தொண்டை கட்டாத ஹெட்மிஸ்ட்ரஸ், எல்லாம் வரும். முட்டையிட்ட கோழி மாதிரி நான் கொக்கரித்தால் அப்பா முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கோழி ஷெட்டுக்கு ஓடிவருவார், வந்து பார்த்துவிட்டு கோழியைத் திட்டிவிட்டுப் போவார்.

எங்கள் ஊர் மொட்டப்பாறை, நாமக்கல்லுக்குப் பக்கம், மனிதர்களைவிடக் கோழிகள் அதிகம் என்பதால் ஊரில் முடிவெடுப்பது யார் என்பதில் எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் உண்டு. அங்கே ஒரு ஆடிக்காற்று நாளில், எல்லாப் பண்ணையிலும் எல்லாக் கூண்டிலும் கோழிகள் வழக்கம்போல முட்டையிட்டன, முட்டைகள் வழக்கம்போலச் சரிவில் உருண்டு முன்னால் இருக்கும் தடத்தில் வந்து நின்றன, ஒவ்வொரு முட்டையின் வயிற்றிலும் ஒரு இங்கிலீஷ் எழுத்து இருந்தது. பெரிய எழுத்து, தவிட்டு நிறம், பேங்க் ஃபாரத்தில் கட்டத்துக்குள் எழுதச் சொல்வார்களே, அத்தனை ஒழுங்கு. தண்ணீரில் போகவில்லை, சோப்பில் போகவில்லை, தேங்காய் நாரால் தேய்த்தபோது முட்டை போனது, எழுத்து ஓட்டில் பத்திரமாக இருந்தது. ஆம்லெட் போட்டால் மறைந்துவிடும். அவித்தால் மட்டும், உரித்த பிறகும் வெள்ளைக்கருவின் மேல் நிழல் மாதிரி நிற்கும். கால்நடை டாக்டர் வந்து ஒரு முட்டையைக் காதோரம் ஆட்டிப் பார்த்து, "சுண்ணாம்புச் சத்துங்க" என்று சொல்லிவிட்டு ஒரு அட்டை முட்டையோடு கிளம்பினார், காரணத்தைப் பற்றி அதற்கு மேல் யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் அதற்குள் லாரி வந்துவிட்டது.

முதலில் ஊர் பயந்தது, பிறகு விலை வைத்தது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்துக்கும் தனி மரியாதை, அவை கை கொடுக்காமல் எந்த வார்த்தையும் எழுந்து நிற்காது என்பதால். எஸ், டி, ஆர் எல்லாம் நடுத்தரக் குடும்பம். கியூவையும் எக்ஸையும் இசட்டையும் யாரும் சீந்தாததால் அத்தனையும் பள்ளிக்கூடச் சத்துணவுக்குப் போயின, அதனால் எங்கள் ஊர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் இங்கிலீஷில் மூன்று எழுத்துதான் தெரியும், ஆனால் அந்த மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

வார்த்தை தேடும் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது தையல்கடை கவிதாமணி அக்கா. வீட்டுச் செலவுக்கு ஆறு முட்டை வாங்கிப் போனவள் அதை மேசைமேல் உருட்டி உருட்டி வைத்தபோது, ஆர், ஈ, எஸ், டி என்று நான்கு ஒன்றாக வந்து நின்று 'ரெஸ்ட்' ஆயின. அக்கா அப்படியே போய்க் கட்டிலில் படுத்துவிட்டாள். மாமியார் வந்து சத்தம் போட்டபோது முட்டையைக் காட்டினாள். மாமியார் முட்டையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டே போய் உலை வைத்தார். மறுநாள் ஊரில் இருக்கிற அத்தனை பெண்களும் ஆறு முட்டை வாங்கினார்கள், ரெஸ்ட் கிடைக்கிறதா என்று விடியவிடிய உருட்டினார்கள், கிடைக்காதவர்கள் கோழிக்காரனோடு சண்டைக்குப் போனார்கள்.

அதன்பிறகு ஊர் முழுக்க அதே வேலை. ஆறு முட்டையை எடு, இருக்கிற எழுத்தைக் கலைத்து அடுக்கு, வருகிற வார்த்தை இன்றைக்கு உனக்கு என்ன சொல்கிறதோ அதைச் செய். மினி பஸ் கண்டக்டருக்கு 'ஸ்டாப்' வந்தது, பஸ்ஸை நேராகக் கொண்டுபோய் மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தினார், பயணிகள் எல்லாரும் இறங்கிக் கை கழுவினார்கள், அவசரமாகக் கோர்ட்டுக்குப் போகவேண்டியவர்கூட இரண்டாவது தடவை ரசம் கேட்டார். வரப்புத் தகராறில் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே காலையில் 'டீ' மட்டும் வந்து, வேறு வழியில்லாமல் ஒன்றாக உட்கார்ந்து குடித்தார்கள். தகராறுகளும் வந்தன. ஒரே முட்டையை ஒரு வார்த்தையில் இரண்டு இடத்தில் வைத்துப் படித்தவனை ஊர் பிடித்துக்கொண்டது, மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள், கடைசியில் தீர்ப்பாயிற்று: ஒரு முட்டைக்கு ஒரு வேலைதான்; அடுத்த வீட்டு முட்டையைக் கடன் வாங்கக்கூடாது; சின்ன வார்த்தை சின்ன விஷயத்துக்கு, நாலெழுத்து வார்த்தை ஆடுமாடுக்கு, ஐந்தெழுத்து நிலத்துக்கு; திரும்ப எடுக்கமுடியாத காரியம் எதுவாக இருந்தாலும், காலையில் சொந்த ஷெட்டில் முதலில் உருண்டுவரும் ஆறு முட்டையும் சேர்ந்து ஒரே வார்த்தையாக வரவேண்டும். ஒரு முட்டை மிச்சமானாலும் காரியம் இல்லை.

எழுத்து எல்லாருக்கும் கிடைத்தது, இங்கிலீஷ் எல்லாருக்கும் கிடைக்கவில்லையே. அதனால் பஸ் ஸ்டாண்டு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த கனகசபாபதி மாஸ்டருக்குத் திடீரென்று யோகம் அடித்தது. வாசலில் கூட்டம் தாங்காமல், எல்லாரும் காலையில் போன் போட்டு எழுத்தைச் சொன்னால் வார்த்தையும் அர்த்தமும் சொல்லப்படும் என்று போர்டு வைத்தார். மாஸ்டர் எதைச் சொன்னாலும் முன்னால் மூக்கால் ஒரு "யூ சீ" போடுவார், நடுவில் ஒரு செருமல் செருமுவார், முடிக்கும்போது கேட்டவனே தப்பு செய்துவிட்ட மாதிரி ஒரு பெருமூச்சு விடுவார். அந்தக் குரலைக் கேட்ட அன்றைக்கே எனக்கு வாய் ஊறிவிட்டது.

அப்பாவுடையது பட்டன் போன். அதில் 'மாஸ்டர்' என்ற பெயருக்குள் இருந்த எண்ணை எடுத்துவிட்டு அக்காவின் பழைய சிம் எண்ணைப் போட்டு வைக்க எனக்கு ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து அப்பா ஷெட்டில் நின்று போன் போடுவார், நான் மொட்டைமாடி அறையில், அடுப்படிக்கு நேர் மேலே, குப்புறப் படுத்துக்கொண்டு எடுப்பேன்.

"யூ சீ, நாச்சிமுத்து, வந்திருக்கிற வார்த்தை பரோட்டா."

"அது நம்மூரு வார்த்தையாச்சுங்களே மாஸ்டர்?"

"யாரு சொன்னா? லண்டன்ல பல் வெளக்கினதும் அதைத்தான் பிச்சுப் போடறாங்க. குருமா மட்டும்தான் நம்முளுது."

அன்று ராத்திரி வீட்டுக்குப் பரோட்டா வந்தது. இன்னொரு நாள் எங்கள் அறைக்கு ஃபேன் வந்தது. கேக் வந்தது, யாருக்கும் பிறந்தநாள் இல்லாமலே. ஒரு தடவை டீக்கடையில் அப்பா நிஜ மாஸ்டரையே நேருக்கு நேர் பிடித்துவிட்டார். "நேத்து நீங்க சொன்ன வார்த்தை நெம்பப் பொருத்தமுங்க" என்று கும்பிட்டார். நான் சைக்கிளோடு தெருமுனையில் உறைந்து நின்றேன். ஆனால் எதையும் மறந்ததாக ஒப்புக்கொண்டால் மாஸ்டருக்கு மரியாதை என்ன ஆகும்? "யூ சீ, எனக்குத் தெரியும்" என்று சொல்லி டீயை உறிஞ்சினார். இரண்டு பேரையும் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று தோன்றியது.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அக்காவுக்கு வேலை வந்தது. என் அக்கா ரம்யபாரதி டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள், ரயில்வே பரீட்சை எழுதி, கண் டெஸ்ட், காது டெஸ்ட் எல்லாம் தாண்டி, அசிஸ்டெண்ட் லோகோ பைலட் ஆகிவிட்டாள், அதாவது ரயிலின் மூக்கில் உட்கார்ந்து டிரைவரோடு சேர்ந்து ஓட்டுகிற வேலை. போஸ்டிங் ஒடிசாவில். வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலைப் பிடிக்கவேண்டும், தவறினால் சீட்டு அடுத்தவனுக்கு.

அப்பா வேலை ஆர்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மணி, அத்தாச்சோட்டுப் பெரிய இரும்பு, பிரேக் புடிக்காமப் போச்சுன்னா?"

"அதுக்குத்தான்ப்பா எனக்குச் சம்பளம்."

"பஸ்ஸுன்னாக்கூடத் திருப்பிக்கலாம். இது தண்டவாளத்துல போறது. எதுக்க ஒண்ணு வந்தா எங்க ஒதுங்குவ?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "திரும்ப எடுக்க முடியாத காரியம். ஆறு முட்டையும் சொல்லட்டும். மிச்சமில்லாம வந்துச்சுன்னா நானே ரயிலேத்தி உடறேன். ஒண்ணு மிஞ்சினாலும் ஷெட்டுக் கணக்குப் பாத்துக்கிட்டு இங்கயே இரு."

"பரீட்சை நான் எழுதினேன்ப்பா," என்றாள் அக்கா. "கோழி எழுதல."

அப்படிச் சொன்னாளே தவிர, அன்று ராத்திரி ஃபேனைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். அக்கா கோபப்பட்டால் எனக்குப் பயமில்லை, நான் அவள் குரலிலேயே அவளைத் திட்டி அடக்கிவிடுவேன். பேசாமல் படுத்திருந்தால்தான் என்னிடம் அதற்குக் குரல் இல்லை.

அதனால் எழுத்து சேர்க்கப் புறப்பட்டேன். டி எங்கள் ஷெட்டிலேயே கிடைத்தது. ஆர் எழுத்துக்குக் கவிதாமணி அக்காவிடம் இரண்டு ஜே கொடுத்தேன், அவளுக்கு ஏமாந்தது தெரியாது. ஏ, என் இரண்டும் ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து, அவர் குரலிலேயே வேலைக்காரம்மாவிடம் கேட்டு. எஸ்ஸைப் பால் சொசைட்டியில். ஐதான் உயிரை வாங்கிவிட்டது, கடைசியில் ஹாஃப்பாயில் கடைக்காரர் முட்டையை உடைக்க ஓங்கிய கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினேன். டி, ஆர், ஏ, ஐ, என், எஸ். ட்ரெயின்ஸ். ஆறெழுத்து, மிச்சமில்லை, விஷயத்துக்குப் பக்கத்து வீடு. இதைவிட நேர்மையான மோசடி உலகத்தில் நடந்திருக்காது.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் முதல் கூண்டின் தடத்தில் ஆறையும் அழகாக வைத்துவிட்டுத் தீவன மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அப்பா குளித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. வந்தது அம்மா. கையில் போசிப் பாத்திரம். என்ன ஏது என்று எழுத்தைக்கூடப் பார்க்காமல், அம்மாவுக்கு என்றைக்குமே முட்டை என்றால் முட்டைதான், ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தாள். நான் பதறிப்போய், திரும்பிப் பார்க்கட்டும் என்று பின்னாலிருந்து கோழி மாதிரி கொக்கரித்தேன்.

"போட்டுட்ட, தெரியுது, பீத்திக்காத," என்று சொல்லிவிட்டு அம்மா ஆறாவதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் அப்பா வந்தார், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கோழிகளுக்கு முன்னால் கைகட்டி நின்றார். கோழிகள் அவரைப் பார்த்தன. அவர் கோழிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாக ஆறு உருண்டு வந்தன. அதைத் தாம்பாளத்தில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தார், நான் பின்பக்கமாக ஓடி மாடியேறி அறைக்குள் விழுந்தேன், மூச்சு வாங்குவதற்குள் போன் அடித்தது.

வழக்கமாக ஷெட்டிலிருந்து பேசுகிறவர் அன்றைக்கு நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கறனுங்க மாஸ்டர். ஊட்டுல அல்லாரும் கேக்கறாங்க. பெரிய புள்ளையும் இங்கதான் உக்காந்திருக்குது."

"யூ சீ, எழுத்தைச் சொல்லுங்க."

"கியூங்க."

"ம்."

"எக்ஸுங்க. அப்பறம் ஜேங்க. வீங்க. மறுக்காவும் ஒரு கியூங்க."

"கடைசி?"

"இசட்டுங்க."

அந்த ஆறு கோழிகளும் ராத்திரி முழுக்கக் கூட்டம் போட்டுப் பேசி இட்டிருக்கவேண்டும். எந்த ஊர் டிக்‌ஷனரியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் அந்த ஆறெழுத்திலிருந்து ஒரு தும்மல்கூட விழாது. கீழே நாற்காலி நகர்ந்தது.

"விடுங்கப்பா," என்றாள் அக்கா. குரலில் ஒன்றுமே இல்லை. "நான் டிரஸ் மாத்திட்டு ஷெட்டுக்குப் போறேன்."

"யூ சீ!" என்று நான் கத்தினேன். "யாரும் எந்திரிக்கக் கூடாது. வார்த்தை வந்திருக்கு."

"ஆறுமேங்களா?"

"ஆறுமே. மிச்சமில்லாம."

"என்ன வார்த்தைங்க?"

"க்விஜ்ஸெக்வ்."

"எப்புடிங்க?"

"தும்மற மாதிரி ஆரம்பிச்சு விக்கற மாதிரி முடிக்கோணும். க்விஜ்ஸெக்வ். ரொம்பப் பழைய இங்கிலீஷ், யூ சீ, ராஜா வீட்டுல மட்டும் பேசறது."

அப்பா கீழே அதைச் சொல்லிப் பார்த்தார். வீட்டில் யாரோ இருமினார்கள், அம்மாவாக இருக்கலாம்.

"அர்த்தமுங்க?"

"மூத்த பொண்ணு எஞ்சின்ல உக்காந்து வடக்க போவா."

"அத்தனையும் ஒரே வார்த்தையிலங்களா?"

"லண்டன்ல குளிரு, நாச்சிமுத்து. வாயை ரொம்ப நேரம் தொறந்து வெக்க முடியாது."

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அப்பா செருமினார், நிஜமான செருமல்.

"மாஸ்டர், அந்த வார்த்தைக்குள்ளாற இன்னும் ஏதாச்சும் இருக்குதுங்களா, பாத்துச் சொல்லுங்க. எஞ்சின்ல பொம்பளப் புள்ளைக்குக் கக்கூஸ் இருக்குதுங்களா?"

"பெரிய ஸ்டேஷன்ல நிக்கும்போது போய்க்கலாம்னு போட்டிருக்கு."

"ராத்திரில ஒத்தையில ஓட்டோணுமுங்களா?"

"பக்கத்துல அனுபவமான டிரைவர் இருப்பாரு."

"சோறு?"

"ரன்னிங் ரூம்னு ஒண்ணு இருக்கு, அங்க சமைச்சுப் போடுவாங்க. யூ சீ, சாம்பார் மட்டும் இனிக்கும்."

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது, ஏனென்றால் இத்தனையையும் இதே வரிசையில் நானே அக்காவிடம் கேட்டிருந்தேன், போர்வைக்குள்ளிருந்து, என் சொந்தக் குரலில்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க," என்றார் அப்பா. "பொங்கலுக்கு ஊட்டுக்கு வருவான்னு எழுதியிருக்குதுங்களா?"

அதையும் கேட்டிருந்தேன். லீவு கொடுத்தால்தான்டி என்று சொல்லியிருந்தாள்.

"யூ சீ," என்றேன். அதற்கு மேல் மாஸ்டருக்கு ஒன்றும் வரவில்லை. "யூ சீ..."

அப்போது அடுப்படியில் அம்மா வைத்திருந்த குக்கர் விசில் அடித்தது. கீழே அடித்தது, என் ஜன்னல் வழியாக ஏறி என் போனுக்குள் நுழைந்து, அப்பாவின் கையில் இருந்த ஸ்பீக்கர் வழியாக மறுபடியும் அடித்தது.

"மாஸ்டர்," என்றார் அப்பா நிதானமாக, "உங்க ஊட்டுக் குக்கர் எங்க ஊட்டுக் குக்கராட்டவே கூவுதுங்களே."

"யூ சீ, ரெண்டும் ஒரே கம்பெனி."

"அப்படிங்களா."

இரண்டாவது விசில் வந்தது. அதுவும் இரண்டாக வந்தது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது, தீவன அரைவை மெஷின் ரொம்ப நாள் கழித்து ஓடத் தொடங்குவது மாதிரி, முதலில் ஒரு இழுப்பு, அப்புறம் ஒரு உதறல், அப்புறம் நிற்காமல். படிக்கட்டு வழியாக ஒரு தடவையும் போன் வழியாக ஒரு தடவையுமாக என்னிடம் ஏறி வந்தது. எனக்கு வராத குரல் அது ஒன்றுதான், ஏனென்றால் அதுவரைக்கும் நான் அதைக் கேட்டதே இல்லை.

"மாஸ்டர்," என்றார் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "மூணாவது விசிலுக்குள்ள கீழ எறங்கி வாங்க. உங்கக்காளுக்கு ரயில்ல திங்கறதுக்கு காத்தால உங்கம்மா ஷெட்டுலிருந்து எடுத்தாந்து அவிச்ச முட்டை ஆறு இருக்குது, உரிச்சுக் கட்டிக் குடுங்க."